சி.எஃப்.எல். பல்ப் உடைந்தால் தும்புத்தடியைத் தொடாதீர்கள்

திருகோணமலை உப்புவெளியில் சில வருடமாகப் பூட்டிக் கிடந்த மாமியின் வீட்டை வாடகைக்குக் கொடுக்கலாம் என்று திறந்து துப்புரவு செய்தோம். ஸ்டோர் அறையின் மேல்தட்டில் ஒரு பெட்டி நிறையப் பழைய சி.எஃப்.எல். பல்ப்புகள், அதாவது சுருள் கண்ணாடிக் குழாய் வைத்த பல்ப்புகள். எல்.ஈ.டி. வந்த காலத்தில் கழற்றி, "பிறகு உதவும்" என்று எடுத்து வைத்தவை. கடற்காற்றின் ஈரத்தில் காட்போட்டின் அடி இற்றுப்போயிருந்தது. இறக்கும்போது அடி பிய்ந்து ஆறு பல்ப் விழுந்தன. பெரும்பாலானவை சீமெந்துத் தரையில், மிச்சம் சுவரோரம் சாய்த்திருந்த மெத்தையில் பட்டு நொறுங்கின. இதை யாராவது முன்னமே சொல்லியிருந்தால் எவ்வளவு நல்லது என்று அன்றைக்கு நினைத்தேன். அதனால்தான் அன்று செய்ததையும் பிறகு தேடி அறிந்ததையும் விபரமாக எழுதுகிறேன். திருகோணமலையில் இப்படி ஒரு பெட்டி இல்லாத வீடு குறைவு. நிலாவெளிப் பக்கத்து விடுதிகளில் மூட்டையாகவே கிடக்கும்.

பாதி விஷயம் முதல் நிமிடத்திலேயே இருக்கிறது. பெயின்ற் அடிக்க வந்திருந்த தம்பி கைப்பழக்கத்தில் தும்புத்தடியை எடுத்தார். மாமி வெக்கை தாங்காமல் ஃபான் சுவிட்சுக்குக் கை நீட்டினா. "தம்பி, கூட்டாதீங்கோ. மாமி, ஃபானை விடுங்கோ, எல்லாரும் வெளியில வாங்கோ" என்று சத்தம் போட்டேன். "ஒரு பல்ப் உடைஞ்சதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமோ?" என்று மாமிக்குக் கோபம். எனக்கு நெஞ்சு படபடத்தது. உள்ளே பாதரசம் இருக்கிறது என்பது தெரியும். அது எவ்வளவு, அதை என்ன செய்வது என்பது தெரியாது. அந்தத் தெரியாமைதான் பயத்தைப் பெருக்கியது.

பல்ப்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மீதி எல்லாம் விளங்கும். கண்ணாடிச் சுருளுக்குள் மின்சாரம் ஓடும்போது அங்கிருக்கும் பாதரச ஆவி கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியைக் கொடுக்கிறது; அதன் அலைநீளம் 254 நனோமீட்டர். கண்ணாடியின் உட்புறம் பூசியிருக்கும் வெள்ளைத் தூள் அதை வெளிச்சமாக மாற்றுகிறது. ஆக, பாதரசம் இல்லாமல் சி.எஃப்.எல். இல்லை, டியூப் லைட்டும் இல்லை. வீட்டில் எரியும் சி.எஃப்.எல். ஒன்றில் இருப்பது சாதாரணமாக 1 முதல் 5 மில்லிகிராம் வரை. பழைய காய்ச்சல் மானியில் இருப்பதோ 500 மில்லிகிராமும் அதற்கு மேலும். ஆகவே ஒரு பல்ப் உடைந்தால் குடும்பமே ஆஸ்பத்திரிக்கு ஓடத் தேவையில்லை. ஆனால் காய்ச்சல் மானி உடைந்தால் வெள்ளிக் குண்டுகள் உருளுவது கண்ணுக்குத் தெரியும்; பல்ப்பில் ஒன்றுமே தெரியாது. பாவித்த பல்ப்பில் பாதரசத்தின் பெரும்பகுதி அந்த வெள்ளைத் தூளிலும் கண்ணாடியிலும் ஒட்டிப்போயிருக்கும். "கண்ணாடியைத்தான் பொறுக்கியாச்சே" என்று தூளை விட்டுவிடக் கூடாது என்பது இதனால்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 அடிக்கு 10 அடி அறை, 9 அடி உயரம் என்றால் உள்ளே ஏறத்தாழ 25 கன மீட்டர் காற்று. 4 மில்லிகிராம் பாதரசம் உள்ள ஒரு பல்ப் உடைந்து, அதில் பத்தில் ஒரு பங்கு ஆவியாகி, யன்னலும் பூட்டியிருந்தால், ஒரு கன மீட்டருக்கு 16 மைக்ரோகிராம். வேலைத்தளங்களில் எட்டு மணிநேர வேலைக்கு அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர்கள் வைத்திருக்கும் வரம்பு 25. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய வழிகாட்டி வருடச் சராசரிக்குச் சொல்வது 1. ஒரு பல்ப் என்றால் கதவு யன்னலைத் திறந்தால் சீக்கிரம் அடங்கிவிடும். அதே அறையில் ஆறு பல்ப் என்றால் 96, வேலைத்தள வரம்பைப்போல் நாலு மடங்கு. எங்களுடைய ஸ்டோர் அறை அதைவிடச் சின்னது. பூட்டிய அறையில் பெட்டியோடு விழுவதும் ஹோலில் ஒரு பல்ப் உடைவதும் ஒன்றல்ல.

தும்புத்தடி ஏன் கூடாது என்றால், தூள் தும்பில் ஏறி, அடுத்த நாள் குசினியைக் கூட்டும்போது அங்கும் போகும். மெல்லிய தூள் கிளம்பி மூக்கு மட்டத்துக்கு வரும். தரையில் தவழும் பிள்ளைக்கு அது இன்னும் கிட்ட. வக்கியூம் கிளீனர் அதைவிட மோசம். மோட்டார்ச் சூட்டில் பாதரசம் இன்னும் வேகமாக ஆவியாகி, பின்பக்கத்தால் அறை முழுவதற்கும் அடிக்கும். பிறகு அந்த இயந்திரமே தீட்டுப்பட்டது மாதிரி, எந்த அறைக்குக் கொண்டுபோனாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். ஃபானும் ஏசியும் காற்றை வெளியேற்றுவதில்லை, உள்ளேயே சுற்றவிடுகின்றன. சுவரில் மாட்டும் ஏசி அதே அறைக் காற்றைத்தான் திரும்பத் திரும்ப இழுக்கிறது. விடுதி நடத்துபவர்கள் இதைத் தங்கள் வேலையாட்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும், ஏனென்றால் அங்கே அறையைச் சுத்தம் செய்பவர் முதலில் போடுவதே ஏசியைத்தான்.

ஆட்கள், பிள்ளைகள், நாய் பூனை எல்லாம் வெளியே. போகும்போது உடைசலை மிதிக்காமல் சுற்றிப் போக வேண்டும். வீட்டுக்குள் திறக்கும் கதவைச் சாத்தி, வெளியே திறக்கும் யன்னலையும் கதவையும் விரியத் திறந்து, குறைந்தது பத்து நிமிடம் விட வேண்டும். இங்கே காற்றின் திசையைப் பார்ப்பது முக்கியம். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மேற்குப் பக்க யன்னலைத் திறந்தால் காற்று உள்ளே வந்து அறையிலிருப்பதை வீட்டுக்குள் தள்ளும். அப்போது உள்கதவின் அடியிடுக்கில் ஒரு ஈரச் சாக்கையோ பழைய துவாயையோ அடைத்துவிட்டு, எதிர்ப்பக்கமும் திறக்க முடியுமானால் திறவுங்கள். வடகிழக்குக் காற்று வீசும் வாடைக்காலத்தில் இது மாறி வரும். பல்ப் உடைந்த அறையின் காற்று முற்றத்துக்குப் போக வேண்டுமே தவிர ஹோலுக்கு வரக்கூடாது. ஒரு சாம்பிராணிக் குச்சியை வாசலில் பிடித்துப் பார்த்தால் புகை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

அந்தப் பத்து நிமிடத்தில் சாமான்களைச் சேர்க்கலாம். பழைய கலண்டர் அட்டை இரண்டு துண்டு, இரண்டு அங்குலப் பாசல் டேப், எறிந்துவிடக் கூடிய பருத்தித் துணித் துண்டுகள் ஏழெட்டு, ரப்பர் கையுறை, டோர்ச், ஒரு வாளியில் கொஞ்சம் தண்ணீர். எல்லாவற்றிலும் முக்கியமானது வாய் அகன்ற கண்ணாடிப் போத்தல். தகர மூடியின் உட்புறம் ரப்பர் வளையம் இருக்கும் ஜாம் போத்தலோ ஊறுகாய்ப் போத்தலோ நல்லது. பொலித்தீன் பையைப் பாதரச ஆவி மெதுவாகக் கடந்துவிடும். அமெரிக்காவில் மேய்ன் மாநிலச் சூழல் திணைக்களம் 2008இல் பல்ப்புகளை உடைத்து உடைத்து அளந்து பார்த்ததில், பையை இரட்டையாகப் போட்டாலும் கசிந்தது. ரப்பர் வளையம் வைத்த தகர மூடிக் கண்ணாடிப் போத்தல்தான் நன்றாகத் தாக்குப்பிடித்தது. ஆறு பல்ப்புக்கு எங்களுக்கு மூன்று போத்தல் பிடித்தது. சுருள் கண்ணாடி இடத்தை அடைக்கும். அதை நசுக்கிப் போடப் பார்க்காதீர்கள், இன்னொரு போத்தல் எடுங்கள்.

இன்னொன்று, கையில் கழுத்தில் இருக்கும் பொன் நகையைக் கழற்றி வையுங்கள். பாதரசம் பொன்னைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும், பட்ட இடம் வெள்ளையாக மாறும். மாமியின் காப்பைக் கழற்ற வைத்த பிறகுதான் அவவுக்கு நான் சொல்வதில் விஷயம் இருக்கிறது என்று நம்பிக்கை வந்தது. முகக்கவசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொரோனாக் காலத்து முகக்கவசம் தூளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. போடுவது நல்லது, ஆனால் அதை நம்பி யன்னலைச் சாத்திக்கொண்டு வேலை செய்யக்கூடாது.

சுத்தம் செய்வது அவசரப்படாமல் ஆறுதலாகச் செய்ய வேண்டிய வேலை. ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும், நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளக்கூடாது. முதலில் பிளாஸ்ரிக் அடியையும் பெரிய கண்ணாடித் துண்டுகளையும் கையுறையோடு பொறுக்கிப் போத்தலுக்குள் வையுங்கள். பிறகு ஒரு அட்டையால் சிறு துண்டையும் தூளையும் மற்ற அட்டையின் மேல் மெல்லத் தள்ளி, அட்டையை மடித்துப் போத்தலுக்குள் சரிக்க வேண்டும். வேகமாக இழுத்தால் தூள் கிளம்பும். அதற்குப் பிறகு டேப்பின் ஒட்டும் பக்கத்தைத் தரையில் அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். பழைய சீமெந்துத் தரையில் முடி போன்ற வெடிப்புகள் இருக்கும். தூள் அங்கேதான் தங்கும். டோர்ச்சைத் தரையோடு படுக்க வைத்து அடித்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் இல்லாத இடத்தில், பக்கவாட்டு வெளிச்சத்தில் வெள்ளைப் படலம் தெரியும். மெத்தைக்குக் கீழ்ப்பக்கத்து ஓரத்தில் நாங்கள் சுத்தம் முடிந்தது என்று நினைத்த இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் படலம் கிடந்தது. கடைசியில் ஈரத் துணியால் துடைத்து, ஒவ்வொரு துணியையும் ஒரு தடவை மட்டும் பாவித்துப் போத்தலுக்குள் போட வேண்டும். வாளித் தண்ணீரில் அலசித் திரும்பத் துடைத்தால் பாதரசம் வாளிக்கு வந்து, வாளியிலிருந்து முற்றத்துக்குப் போகும். டேப், அட்டை, கையுறை எல்லாம் அதே போத்தலுக்குள்தான்.

இங்கே எல்லோரும் செய்ய நினைப்பது தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது. மாமியும் வாளியோடு வந்தா. உப்புவெளி, நிலாவெளி மண் வெறும் கடல் மணல். முற்றத்தில் ஊற்றியது கிணற்றுக்குப் போகத் தூரம் அதிகமில்லை. பிளீச், அமோனியா கலந்த திரவங்களையும் தொட வேண்டாம், அவை பாதரசத்தோடு சேர்வது நல்லதல்ல. பக்கத்து வீட்டு அண்ணன் மதிலால் எட்டிப் பார்த்து, "சித்த மருந்துக் கடையில கந்தகத் தூள் வாங்கித் தூவுங்கோ, இரசத்தைக் கட்டிப்போடும்" என்றார். அதில் உண்மை உண்டு: கந்தகமும் பாதரசமும் சேர்ந்து ஆவியாகாத சேர்மமாகும். ஆனால் வைத்தியர்கள் அதைக் கல்வத்தில் (மருந்து அரைக்கும் கல்லில்) இட்டு மணிக்கணக்காக அரைத்தே சேர்க்கிறார்கள். தரையில் தூவிவிட்டால் அந்த வேகத்தில் நடக்காது. பல்ப்புத் தூளோடு கந்தகத் தூளையும் சேர்த்து அள்ள வேண்டிய வேலைதான் மிஞ்சும்.

மெத்தைதான் எங்களுக்குச் செலவு வைத்தது. உடைசலும் தூளும் நேரே பட்ட துணி, மெத்தை, தலையணை, பாய் இவற்றைத் தோய்த்துப் பாவிக்கக் கூடாது. தோய்த்தால் மெசினுக்குள்ளும் கழிவுத் தண்ணீருக்குள்ளும் போகும். ஆவி மட்டும் பட்ட துணிகள், உதாரணமாக அறையில் தொங்கிய சேலை, நாங்கள் போட்டிருந்த உடுப்பு, தோய்த்தால் போதும். அந்த மெத்தை வாடகைக்காரருக்கு என்று வைத்திருந்தது. புதிதாக வாங்க 20,000 ரூபாய்க்குக் கிட்டப் போனது. உறை மட்டும் பழுதாகியிருந்தால் உறையை மட்டும் கழிக்கலாம். இது உறையில்லாத வெறும் பஞ்சு மெத்தை, உள்ளே கண்ணாடி ஏறிவிட்டது. பெயின்ற் வேலைக்கு வந்த தம்பிக்கு அன்றைய கூலி சும்மா கொடுத்தோம், வாடகைக்காரர் குடிவருவதும் தள்ளிப்போனது. மனம் நொந்தது காசுக்காக மட்டும் அல்ல. சாமானை ஸ்டோர் அறையில் குவிக்கும் பழக்கத்துக்கு இப்படி ஒரு விலை இருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. சவுக்காரம் போட்டுக் கழுவக்கூடிய ரப்பர்ச் செருப்பைத் துணியால் துடைத்தால் போதும். அடியில் கண்ணாடி குத்தியிருந்தால் அந்தச் செருப்பும் கழிவுதான்.

சுத்தம் செய்து முடிந்தாலும் அறை முடியவில்லை. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தார் 2008இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 4.5 மில்லிகிராம் பாதரசம் உள்ள புதிய பல்ப் ஒன்றை உடைத்து விட்டபோது நாலு நாளில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட ஆவியானது. மீதி அதற்குப் பிறகும் மெல்ல வந்துகொண்டிருந்தது. வெக்கை கூடினால் வேகமும் கூடும்: பத்து பாகை ஏறினால் பாதரசம் ஆவியாகும் அளவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். நம் ஊர் வைகாசி, ஆனி வெயிலில் 35 பாகையைத் தாண்டும் தகரக் கூரை அறையில் குளிர்நாட்டு அளவுகள் பொருந்தாது. எனவே அந்த அறையை அன்று முழுக்கத் திறந்து வையுங்கள், அடுத்த சில நாட்களுக்கும் யாரையும் படுக்க வைக்காமல் பகலில் திறந்து விடுங்கள். பின்னர் அந்த அறையைக் கூட்டும்போதும் முதல் சில தடவை யன்னலைத் திறந்து, ஃபானை நிறுத்தி, ஈரத் துணியால் துடைப்பதே நல்லது.

உடம்பைப் பொறுத்தவரை, ஒரு பல்ப் உடைந்து காற்றோட்டமும் இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. பாதரச ஆவியை உள்ளே இழுத்தால் ஏறக்குறைய எண்பது வீதம் இரத்தத்தில் சேரும் என்பதால்தான் மூக்கைப் பற்றி இவ்வளவு கதைக்கிறோம். தற்செயலாக விழுங்கிய பாதரசம் குடலில் அநேகமாகச் சேராமலே வெளியேறிவிடும். பூட்டிய அறையில் அதிகம் சுவாசித்தால் சில மணிநேரத்தில் இருமல், நெஞ்சிறுக்கம், மூச்சுமுட்டல், காய்ச்சல், வாயில் உலோகச் சுவை வரலாம். அப்படி ஏதாவது இருந்தால், அல்லது கர்ப்பிணியோ கைக்குழந்தையோ அந்த அறையில் இருந்திருந்தால், வைத்தியரிடம் "பாதரச பல்ப் உடைந்தது, இத்தனை பல்ப், இவ்வளவு நேரம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நஞ்சுத் தகவல் நிலையம் இருக்கிறது, வைத்தியர்கள் அங்கே கேட்டறியலாம். கண்ணாடி வெட்டினால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, துண்டு ஏதும் உள்ளே இல்லை என்று பார்த்து, வழக்கம்போல் ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) போடலாம். "டியூப் லைட் வெட்டினால் புண் ஆறாது" என்று பழைய ஆட்கள் சொல்வது பெரிலியம் கலந்த தூள் பூசிய காலத்துக் கதை. 1940களின் கடைசியிலேயே அந்தத் தூளை நிறுத்திவிட்டார்கள்.

இனி வருவதுதான் நான் அலைந்த பகுதி. மூடிய போத்தல்கள் மூன்று, உடையாத பல்ப்புகள் ஒரு கூடை, பழுதான மெத்தை ஒன்று. எங்கே கொடுப்பது? ஒரு அலுவலகத்தில், "குப்பை வண்டி வரும்போது போடுங்கோ" என்றார்கள். இன்னொரு இடத்தில் சிரித்தார்கள். குப்பை வண்டியில் போட்டால் அது நசுக்கும் வண்டியோ ட்ரக்டர் பெட்டியோ, எதுவாயினும் பல்ப் உடையும், அதைச் சுவாசிப்பது அந்த வண்டியில் தொங்கி வரும் தொழிலாளி. கோபம் வந்தது, அவர்களுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது விளங்கியபோது கோபம் இறங்கியது. பழைய இரும்பு, போத்தல் வாங்க வருபவரிடமும் கொடுக்காதீர்கள். அவருக்கு வேண்டியது அடியில் உள்ள பித்தளையும் டியூப்பின் நுனியில் உள்ள அலுமினியமும்தான். மிச்சத்தை அங்கேயே உடைத்துக் கொட்டுவார்.

கேட்க வேண்டிய இடம் பிரதேச செயலகத்தில் இருக்கும் சுற்றாடல் உத்தியோகத்தர். அவர் மத்திய சுற்றாடல் அதிகாரசபையைச் சேர்ந்தவர். அவரிடம் "பல்ப்பை எங்கே போடுவது" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "அதிகாரசபையின் அனுமதி பெற்ற இலத்திரனியல் கழிவு சேகரிப்பாளர்களில் பாதரச விளக்கு எடுப்பவர் யார், கிழக்கு மாகாணத்துக்கு எப்போது வருவார்" என்று கேளுங்கள். தேசிய சுற்றாடல் சட்டம் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கம். அதன் கீழ் 2008இல் வந்த ஒழுங்குவிதிகள், ஆபத்தானதென்று அட்டவணைப்படுத்திய கழிவை அனுமதிப்பத்திரம் இல்லாமல் சேகரிப்பதையும் கொண்டுசெல்வதையும் தடுக்கின்றன. எனவே எடுப்பவரிடம் அந்த அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேட்பது முறைதான், யாரும் கோபிக்கத் தேவையில்லை. பல்ப் விற்ற கடையிலும் கேட்டுப் பாருங்கள். சில நிறுவனங்கள் தங்கள் பழைய பல்ப்பைத் திருப்பி எடுக்கும். தனி வீடாகப் போனால் ஒரு கூடைக்காக வண்டி வராது. எங்கள் ஒழுங்கையில் ஏழெட்டு வீடுகளும் ஒரு விடுதியும் தங்கள் பெட்டிகளை ஒன்றாகச் சேர்த்த பிறகுதான் ஒரு சேகரிப்பாளர் வரச் சம்மதித்தார். உடைந்ததைப் போத்தலோடு, மெத்தையைத் தடித்த பொலித்தீனில் சுற்றி டேப் போட்டுக் கொடுத்தோம். மெத்தைக்கு அவர் தனியாகக் காசு கேட்டார், கொடுக்கத்தான் வேண்டியிருந்தது.

அதுவரைக்கும் எப்படி வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். உடைந்தது உள்ள போத்தலை வீட்டுக்குள் வைக்காதீர்கள். வெளியே, வெயில் படாத, பிள்ளைகள் எட்டாத, மழை நனையாத இடத்தில் வைத்து "பாதரசம் - திறக்காதே" என்று மாக்கரால் எழுதுங்கள். உடையாத பல்ப்புகளை ஒவ்வொன்றாகப் பேப்பரில் சுற்றி, மூடியுள்ள பெயின்ற் வாளியில் நிமிர்த்தி வையுங்கள். காட்போட் பெட்டி கடற்கரை ஊருக்குச் சரிவராது. நாலடி டியூப்புக்கு இரண்டு அங்குல பி.வி.சி. குழாய் நல்ல உறை: 26 மில்லிமீட்டர் தடிப்பான டியூப் இரண்டு அடங்கும், பழைய தடித்த டியூப் ஒன்று. இரு முனையிலும் துணி அடைத்து மூடி போட்டுவிட்டால் விழுந்தாலும் உடையாது. உடைந்த கண்ணாடியைச் சீமெந்தோடு குழைத்து எலிப் பொந்து அடைப்பது நம் வீடுகளில் உண்டு. அதற்குச் சோடாப் போத்தல் கண்ணாடி எடுங்கள், டியூப் கண்ணாடி வேண்டாம். முற்றத்தில் குப்பையோடு போட்டுக் கொளுத்தினால் உள்ள பாதரசம் முழுவதும் ஒரேயடியாக ஆவியாகும். அது கொதிப்பது 357 பாகையில், குப்பைத் தீ அதைவிடச் சூடு. கடலில் எறிந்தால் அடிச்சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மெதைல் பாதரசமாக மாற்றும். சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறி ஏறி, சுறாவிலும் பெரிய சூரையிலும் சேர்ந்து, திரும்ப நம் சட்டிக்கே வரும்.

இன்னும் எரிந்துகொண்டிருக்கும் சி.எஃப்.எல். இருந்தால் பழுதாகும் வரைக்கும் காத்திருக்காமல் கழற்றுவது புத்தி. பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் 2013இல் நாடுகள் உடன்பட்டன, 2017இல் அது நடைமுறைக்கு வந்தது, இலங்கையும் அதில் சேர்ந்திருக்கிறது. 2022இல் பாலியில் எடுத்த முடிவின்படி 30 வாட் வரையான, அடியோடு சேர்ந்த சி.எஃப்.எல். பல்ப்புகளை 2025க்குப் பிறகு தயாரிக்கவும் இறக்குமதி, ஏற்றுமதி செய்யவும் கூடாது. நீட்டு டியூப்புகளுக்கு வகையைப் பொறுத்து 2026 அல்லது 2027 வரைக்கும் தவணை. ஹார்ட்வேர் கடைகளில் மலிவு விலைக்குத் தள்ளிவிடும் பெட்டிகளைக் கண்டு ஆசைப்படாதீர்கள்.

கழற்றும்போதும் உடைகிறது, அதற்கு இங்கே தனிக் காரணம் உண்டு. உப்புக் காற்றில் ஹோல்டரின் ஸ்பிரிங்கும் பல்ப்பின் இரண்டு முளையும் துருப்பிடித்து இறுகிவிடும். சுருள் கண்ணாடியைப் பிடித்துத் திருகினால் அது அடியோடு சேரும் இடத்தில் முறியும். மெயின் சுவிட்சை நிறுத்தி, பல்ப் ஆறும்வரை பொறுத்து, வெள்ளைப் பிளாஸ்ரிக் அடியை மட்டும் பிடித்து, மேலே நன்றாக அழுத்தி, இடப்பக்கம் திருப்பி, கீழே இழுக்க வேண்டும். அசையாவிட்டால் பலம் போடாதீர்கள். ஹோல்டரின் மூடியைத் திருகிக் கழற்றி, பல்ப்போடு சேர்த்தே ஹோல்டரை இறக்கி, புது ஹோல்டர் போடுங்கள். பல்ப் உடைந்து ஒரு மெத்தை போவதைவிட ஒரு ஹோல்டர் மலிவு. கீழே கட்டில் இருந்தால் முதலில் அதை இழுத்துவிட்டு, தரையில் பழைய பேப்பர் விரியுங்கள். டியூப் லைட்டுக்கு எல்.ஈ.டி. டியூப் போடுபவர்கள் பெட்டியில் உள்ள வயரிங் படத்தைப் பார்க்காமல் பழைய சட்டத்தில் அப்படியே செருகக்கூடாது. சில வகைக்கு ஒரு முனையில் மட்டும்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும், சிலதுக்குப் பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றி அதோடு வரும் ஸ்டார்ட்டரைப் போட வேண்டும். சோக்கைத் தவிர்த்து நேரே வயர் கொடுப்பதென்றால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். கழற்றிய டியூப்பை அவர் தன்னோடு கொண்டுபோக விடாமல், நீங்களே அந்த பி.வி.சி. குழாய்க்குள் போட்டு வையுங்கள்.